சோற்றை விட்டவனின் வாய் வாடை

துபாய்
மார்ச் 1984

சுராயாவுக்கு ஸலாம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? உம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

நான் நலம். போன லீவில் பழவேற்காட்டில் எல்லார் முன்னும் உன் தம்பி ஜலாலுதீன் என் தொப்பையைத் தட்டிச் சிரித்ததை நான் மறக்கவில்லை. இங்கு வந்ததும் சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டு மீனும் முட்டையும் மட்டுமே சாப்பிட்டேன். வாயில் புளித்த பழ வாடை வந்தது. என் அறையிலேயே தங்கியிருக்கும் அவன், "இன்னா மச்சான், ஊத்திக்கினு வந்துட்டீங்களா?" என்றான். நான் குடிக்கிறேன் என்று உனக்கும் எழுதிவிட்டான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனின் எழுத்தை நீ படித்தாய். அதன்பின் எனக்கு உன் கடிதம் இல்லை.

டாக்டரிடம் போனேன். சோறு கிடைக்காதபோது உடம்பு தன் கொழுப்பையே எரிக்குமாம். அதன் வாடைதான் இது. நோன்பு நாளில் மாலையில் லேசாக வருவதும் இந்த வகைதானாம். சர்க்கரை நோயாளிக்கு இது ஆபத்தாகலாம். எனக்கு அந்த நோய் இல்லை என்று சோதித்துப் பார்த்து, கொஞ்ச காலத்துக்குப் பயமில்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியவில்லை.

ஜலாலுதீன் அடுத்த வாரம் லீவில் ஊருக்கு வருகிறான். திரும்பும்போது அவன் கையிலேயே கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. அது வந்து சேர்ந்தால், அவன் சொன்னதை நீ நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

ஆபீஸ் வண்டி வாசலில் நிற்கிறது.

அப்துல் ரவூப்