இந்த வருசம் பாரி வைக்கவில்லை

இன்று காலை மதினி வாசலில் வந்து நின்றபோது, முளைப்பாரிக்கு வீடு வீடாக விதை கொடுக்க அவள் கொண்டுவந்த வாளியிலிருந்து ஊறிய மொச்சையின் பச்சை வாசனை வந்தது. நாளை ஊருக்குக் காப்புக் கட்டு. வீட்டுக்கு ஒருத்தி அம்மனுக்கு முளைப்பாரி வளர்க்க வேண்டும் என்பது நான் சொல்லியா கூட்டாளி, உனக்குத் தெரிய வேண்டும்?

மங்கலத்துக் கண்மாய் வயல்களில் நாம் சேர்ந்துதான் நடவு நட்டோம். சந்தைக்கு என்று சொல்லிவிட்டு ஒரே பஸ்ஸில் ஜெபக் கூட்டத்துக்குப் போனோம். இயேசுவை இருவருமே நம்பினோம். ஆனால் ஒரு வருசம் விதை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவள் நீ. நான் வாங்கிக்கொண்டேன். அதன்பின் நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் உன் வாசலைத் தாண்டிப் போனார்கள். நீ பாம்பனுக்குக் கருவாட்டு வேலைக்குப் போய்விட்டாய். எனக்கு ஊரில் நல்ல பெயர் நிலைத்தது.

பாரி சரியாக வளரவில்லையென்றால் அந்த வீட்டில் ஏதோ குறை என்று பேசுவார்களே, என் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து செத்தேன். இருட்டறையில் பாரிப் பானைக்கு முன்னால் முழங்கால் போட்டு, இதை மட்டும் நன்றாக வளர வை இயேசப்பா என்று ஜெபித்தேன். ஊரிலேயே என் பாரிதான் உயரம்! உன்னிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தினாய்.

"அந்தச் சாமிகிட்டயும் பொய், நம்ம சாமிகிட்டயும் பொய். யாருகிட்டதான் நெசமா இருக்கப் போற?"

போன வருசம் காப்புக் கட்டிய நான்காம் நாள் போன் வந்தது. காய்ச்சலில் நீ போய்விட்டாய். பாரி வளர்க்கிறவள் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் கேள்வி வரும். நான் வரவில்லை. அன்று சாயங்காலமும் பானைக்குத் தண்ணீர் தெளித்தேன்.

மதினி என் புருசனின் அக்கா. அவள் மகனுக்குத்தான் என் மகளைப் பேசியிருக்கிறது. தையில் கல்யாணம். பிள்ளைகள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். விதையை வாங்கிக்கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை. நான் கை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம் மதினி. நான் இயேசுவக் கும்புடுறேன். இத்தன வருசமா உங்ககிட்ட மறச்சுட்டேன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "வேற சாமிய மனசுல வச்சுக்கிட்டா எங்க ஆத்தாளுக்குப் பாரி வளத்த?"

ஆமாம் என்றேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் கலங்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட மகள் இன்னும் என்னிடம் பேசவில்லை. கொல்லையில் நின்று அவனுடன் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். குரல் மட்டும் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. செய்தது சரி என்று தெரிந்தும் இந்தப் பயம் போகவில்லை. உனக்கும் இப்படித்தான் இருந்ததா? நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

நாளை ஊரில் காப்புக் கட்டும் நேரத்தில் நான் பாம்பன் பஸ்ஸில் இருப்பேன். பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், என் கூட்டாளியின் கல்லறைக்கு என்று சொல்வேன்.