இரண்டு கட்டடமும் ஒரு பேராசிரியரும்

மார்ச் 20

காலேஜ் கமிட்டிக் கூட்டம். போன வருஷம் அரசியல் அறிவியலில் பாதி பெஞ்சு காலி. எல்லோரும் காபியைக் குடித்துவிட்டு, காலம் அப்படி என்றார்கள். காலம் எப்படி? சிதம்பரத்தில் நேற்று முளைத்த காலேஜில் இடம் இல்லை என்கிறான். ஆலப்பாக்கம் தாண்டி மெயின் ரோட்டு மேலேயே நிற்கிற நம் காலேஜுக்கு ஆள் வரவில்லை. சரக்கு இருக்கிறது, கடை இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அதுதான் வியாதி.

நான் ஒரு யோசனை சொன்னேன். தேர்தல் வருகிறது. சாயங்காலமானால் ஒவ்வொரு சேனலும் பேச ஆள் தேடி அலைகிறது. நம்மிடம் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேர், பாடம், போன் நம்பர் போட்டு எல்லா சேனலுக்கும் அனுப்புவோம். தேர்தல், உள்ளூர்ப் பிரச்சனை, எதைக் கேட்டாலும் எங்கள் பேராசிரியர்கள் விளக்குவார்கள், காசு வேண்டாம், பேருக்குக் கீழே காலேஜ் பேர் மட்டும் வரட்டும்.

பொருளாளர் பொன்னுரங்கம், என் வீட்டுக்காரி சௌந்தரத்தின் தம்பி, மட்டும் இழுத்தான். "மாமா, எலெக்‌ஷன் நேரத்துல வாயத் தொறந்தாலே வம்பு."

"வம்பு பேச வேணாம் மச்சான். நல்லதா பேசட்டும்."

பிரின்சிபால் தேவசகாயம், "என்ன பேசணும்னு நாம சொல்ல முடியாதே சார்" என்றார். சம்பளம் நாம்தானே தருகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

மார்ச் 24

கடலூரில் சும்மா கிடந்த என் கட்டடம் இரண்டையும் பெருக்கித் திறந்துவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் இருப்பது ஒரு வேட்பாளருக்கு, திருப்பாதிரிப்புலியூரில் இருப்பது அவரை எதிர்த்து நிற்பவருக்கு. தேர்தல் ஆபீஸ் வைத்துக்கொள்ள. வாடகை கிடையாது. பேர் எழுத வேண்டாம், மஞ்சக்குப்பத்தார், புலியூரார் என்றாலே எனக்குப் புரியும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. கடைத்தெருவில் வியாபாரம் பண்ணுகிற எவனும் ஒரு பக்கம் மட்டும் சாய மாட்டான். எல்லோருக்கும் தெரியும், எவனும் சொல்ல மாட்டான். அண்ணாகிராமத்திலிருந்து முந்திரி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் கற்ற முதல் பாடம் இது. ஜெயிப்பவரும் நம்மாள், தோற்பவரும் நம்மாள்.

மார்ச் 28

முதலில் காமர்ஸ் ஸ்ரீதரை அனுப்பினோம். நல்ல சட்டை, நல்ல குரல். அரை மணி நேரம் பேசினார். இந்தக் கட்சி அறிக்கையும் நன்று, அந்தக் கட்சி அறிக்கையும் நன்று, மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. எனக்கு ரொம்பத் திருப்தி.

சேனல்காரன் இரவே போன் பண்ணினான். "சார், இவுரு எல்லாரையும் வாழ்த்திகினே இருக்காரு. கல்யாண வீடுன்னு நெனச்சிட்டாரா? வேற ஆளு குடுங்க."

ஏப்ரல் 1

அரசியல் அறிவியல் சந்திரலேகா போனார். டெபாசிட் என்றால் என்ன, நோட்டாவுக்கு விழுந்த ஓட்டு எங்கே போகிறது, கூட்டணி உடைந்தால் சின்னக் கட்சி என்ன ஆகும். சௌந்தரம் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நம்ம காலேஜு டீச்சரா இது? எனக்கே புரியுதுங்களே!"

கீழே காலேஜ் பேர் பட்டையாக ஓடிக்கொண்டே இருந்தது. அருமை.

ஏப்ரல் 4

அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பொன்னுரங்கம் செல்போனைக் காட்டினான். காலேஜுக்கு விசாரித்துப் போன் வருகிறதாம். நான் சொன்னேனா இல்லையா?

ஏப்ரல் 7

தலையில் இடி.

தொகுதிக்கு யார் வந்தால் நல்லது என்று சேனல்காரன் சந்திரலேகாவைக் கேட்டான். அந்தம்மா நேராகச் சொல்லிவிட்டார். "யாரு வந்தாலும் பெரிய வியாபாரிக்குக் கதவு திறந்தே இருக்கும். இதே ஊர்ல ஒரே முதலாளியோட ரெண்டு கட்டடத்துல, எதிரெதிரா நிக்கிற ரெண்டு வேட்பாளருக்கும் ஆபீஸ் நடக்குது. ஓட்டுப் போடுறவங்களுக்குத்தான் எந்தக் கதவத் தட்டுறதுன்னு தெரியல."

கீழே பட்டையாக என் காலேஜ் பேர்.

சௌந்தரம் என்னைப் பார்த்தாள். டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 8

விடியுமுன் மஞ்சக்குப்பத்தார். "இன்னா மொதலாளி, எதிராளிக்கும் எடம் குடுத்திருக்கீங்களாமே? டி.வி.ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா நானு?" போன மாசம் சாவியைக் கையில் வாங்கும்போதே தெரிந்த மனுஷன்! ஒரு மணி நேரத்தில் புலியூரார். அதே கேள்வி, அதே கோபம். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஊரறியச் சொல்லிவிட்டதால் இப்போது ரோஷம் வந்தே ஆக வேண்டும்.

சந்திரலேகாவைக் காலேஜ் ஆபீஸுக்கு வரச் சொன்னேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"அந்தக் கட்டடம் யாருதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். அதனாலதான் பேரு சொல்லல."

என்ன பதில் இது? பேர் சொல்லாமல் விட்டது எனக்குச் செய்த மரியாதையாம்.

"உதாரணத்துக்கு வேற ஊரே கெடைக்கலியா?"

"கடலூர் ஓட்டர்ஸுக்குக் கடலூரப் பத்தித்தான் சார் சொல்லணும். நீங்க சேனலுக்கு அனுப்பின தாள்லயே உள்ளூர்ப் பிரச்சனைகள விளக்குவோம்னு போட்டிருந்தீங்களே."

போட்டிருந்தேன். நானே சொல்லி எழுத வைத்தது.

பொதுவாகச் சொன்னது, யாரையும் குறிப்பிட்டு இல்லை என்று ஒரு சின்ன விளக்கம் பேசி சேனலுக்கு அனுப்பச் சொன்னேன். அதற்கு அவர், "அது பொய்யாயிடுமே சார்" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். வாத்தியார் பையனிடம் கணக்கு தப்பு என்று சொல்கிற மாதிரி.

ஏப்ரல் 9

தூக்கமே இல்லை. யோசனையும் நம்முடையது, கட்டடமும் நம்முடையது. யாரைத் திட்டுவது?

ஏப்ரல் 12

கமிட்டி. உடனே வேலையை விட்டு எடு என்றார்கள். எடுத்தால் கட்டடம் என்னுடையது என்று நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகாதா? இது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

பொன்னுரங்கம்தான் வழி சொன்னான். "இன்னாத்துக்கு எடுக்கணும் மாமா? இந்தம்மா கெஸ்ட் லெக்சரர்தானே. ஏப்ரல் கடைசியில எல்லா கெஸ்ட் லெக்சரருக்கும் கணக்க முடிச்சி அனுப்புறோம், ஜூன்ல போன் போட்டுக் கூப்புடுறோம். இந்தம்மாவுக்கு மட்டும் போன் போகாது. அவ்ளோதான்."

கோடை மாசச் சம்பளம் மிச்சம் பிடிக்க நாங்கள் வைத்த வழக்கம் அது. இதற்கும் உதவுகிறது. தேவசகாயம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 30

எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சந்திரலேகாவும். "ஜூன்ல பாப்போம் சார்" என்று ஸ்ரீதர் சொன்னார். அந்தம்மா அதைச் சொல்லவில்லை. வணக்கம் மட்டும். புரிந்திருக்கிறது.

மே 6

ஜெயித்தவர் வீட்டுக்கு மாலையோடு போனேன். தோற்றவர் வீட்டுக்கு ஆப்பிளோடு போனேன். இரண்டு இடத்திலும் நல்ல வரவேற்பு. அந்த ரோஷமெல்லாம் எங்கே போனது? ஓட்டு எண்ணியதோடு போய்விட்டது. நான் மட்டும்தான் ஒரு நல்ல டீச்சரை இழந்துவிட்டு நிற்கிறேன் போல.

மே 13

பிளஸ் டூ ரிசல்ட் வந்து பிள்ளைகள் காலேஜ் தேடி அலைகிற நேரம். விசாரிக்கிற போனில் பாதி, டி.வி. மேடத்தைப் பற்றி. ஆபீஸில் என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்கிறார்கள். எரிச்சல்.

வெட்கத்தை விட்டு நானே சந்திரலேகாவுக்குப் போன் பண்ணினேன். பழசை விட்டுவிடலாம், ஜூனில் வந்துவிடுங்கள் என்றேன்.

"சிதம்பரத்துல சேந்துட்டேன் சார். இங்க பன்னெண்டு மாசமும் சம்பளம்."

சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன்.

"பேசச் சொன்னவரு நீங்கதான் சார். அதுக்கு எப்பவும் நன்றி இருக்கு. ஆனா திரும்ப ஏப்ரல் வரும்ல?"

வியாபாரத்தில் இதற்கு மேல் பேச்சு கிடையாது. வைத்துவிட்டேன்.

மே 21

அட்மிஷன் மேசையில் நானே உட்கார்ந்தேன். பொன்னுரங்கம் பக்கத்து நாற்காலி. வெயிலில் கூட்டமே இல்லை. அரசியல் அறிவியலுக்கு இன்னும் சில பேர் சேராவிட்டால் இந்த வருஷம் அந்தப் பாடமே நடத்த முடியாது.

மத்தியானம் திட்டக்குடியிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அவர் விவசாயம், பெயர் கோவிந்தசாமி. பெண் கனிமொழி, நல்ல மார்க். அவர் வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் ஃபாரத்தைத் தரவில்லை.

"சார், சந்திரலேகா மேடம் எந்த வருஷத்துப் பிள்ளைங்களுக்குக் கிளாஸ் எடுப்பாங்க?"

பொன்னுரங்கம் முந்திக்கொண்டான். "இங்க எல்லா மேடமும் நல்லா எடுப்பாங்கம்மா. மொதல்ல ஃபாரத்தக் குடு."

"அவுங்க இருக்காங்களா இல்லியா சார்?"

மூணு வருஷத்துக்கும் எடுப்பாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பணம் மேசை மேல். ஆனால் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லி இன்றுவரை விற்றதில்லை நான்.

"இல்லம்மா. இப்ப இங்க இல்ல."

"அந்த ரெண்டு கட்டடத்தப் பத்திப் பேசினதாலயா?"

தகப்பன் முழங்கையால் இடித்தார். "கம்முனு இருடி."

"எங்க ஊர்லயே சொல்றாங்கப்பா. இந்தக் காலேஜு மொதலாளி கட்டடம்தானாம் அது."

நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைத்தெருவில் பேசினால் சரி, கடலூரில் பேசினால் சரி. மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிற திட்டக்குடி வரைக்குமா! எதை மறைக்க அந்தம்மாவை அனுப்பினோம்? யாரிடமிருந்து?

"ஆமாம்மா" என்றேன். "என் கட்டடம்தான்."

"மாமா!" என்றான் பொன்னுரங்கம்.

தகப்பன் பதறி எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். மோர் வரவழைத்துக் கொடுத்து, சிதம்பரத்துக் காலேஜ் பேரை ஒரு தாளில் எழுதினேன். கீழே சந்திரலேகாவின் நம்பர். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். சொன்னால் சொல்லட்டும்.

"பணத்த உள்ள வைங்க. சிதம்பரம் பஸ் எதிர்ப்பக்கம் நிக்கும். லாரி ஜாஸ்தி, பாப்பா கையப் புடிச்சி தாண்டுங்க."

கேட் வரை போய் நின்று பார்த்தேன். பஸ் சீக்கிரமே வந்துவிட்டது.