ஃப்ரீயா விடுங்க சம்பந்தி

சம்பந்தியம்மா,

நேற்று கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு காலேஜ் பெண் செல்போனில் யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். “ஃப்ரீயா விடுடி” என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கிழவிக்கு என்ன ஆச்சு என்பது போலக் கண்டக்டர் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்? அந்த ஒரு வார்த்தைக்காக உங்கள் வீட்டில் மூன்று வருடம் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள் நான்.

என் மகள் கல்யாணத்தில் ஆரம்பித்தது. பெண்ணின் தாய்மாமன், என் அண்ணன், மேடைப் பக்கம் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி போட உங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களிடம் வந்து நியாயம் கேட்டேன். கேட்ட வேகத்தில், பெண்ணை எப்படி வளர்த்தேன், என்னென்ன போட்டு அனுப்புகிறேன் என்பதையும் சேர்த்தே கொட்டினேன். நீங்கள் என் கையைப் பிடித்து, “அட, ஃப்ரீயா விடுங்க சம்பந்தி” என்றீர்கள்.

மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த ஃப்ரீ, ரேஷன் அரிசியும் பொங்கல் சேலையும்தான். கட்டில், பீரோ, கிரைண்டர் என்று வேன் வைத்து அனுப்பியிருக்கிறேன். பெண்ணைச் சும்மா தள்ளிவிட்டதாக இந்த அம்மா சபையில் சொல்கிறதே என்று வயிறு எரிந்தது.

அதன் பிறகு வேங்கிக்காலில் உங்கள் வீட்டுக்கு வருவேன், மகளைப் பார்ப்பேன், கிளம்பிவிடுவேன். காபி கொடுத்தால் பல் வலி என்பேன். மோர் கொடுத்தால் சளி என்பேன். வளைகாப்பு முடிந்து அவளை அழைத்துப்போக வந்த அன்றும் சாப்பிட மறுத்தேன். வாயும் வயிறுமாக இருந்தவள், அம்மா சாப்பிடாமல் நானும் சாப்பிடமாட்டேன் என்று இலையைத் தள்ளிவிட்டாள். அப்போதுதான் நீங்கள் என்னைத் தையல் மிஷின் இருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

“நான் என்னங்க தப்பு பண்ணேன்? இன்னைக்காவது சொல்லிடுங்க.”

“பொண்ண ஃப்ரீயா விட்டேன்னு சொன்னீங்க இல்ல? நீங்க மறந்திருப்பீங்க. நான் மறக்கல.”

விளங்கியதும் மிஷின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தீர்கள். நான் வெளியே போயிருப்பேன். கதவை மறித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, விற்பதற்காகத் தைத்து அடுக்கியிருந்த நைட்டிகளில் ஒன்றை உருவி என் தோளில் வைத்துப் பார்த்தீர்கள்.

“இதுக்குப் பேரு ஃப்ரீ சைஸ். இத நான் சும்மாவா குடுக்கறேன்? எங்கயும் புடிக்காது, இறுக்காது, அதான் ஃப்ரீ. மனச அந்த மாதிரி வச்சிக்குங்கன்னு சொன்னேன் சம்பந்தி. உங்க பொண்ண சொல்லல.”

“அத தமிழ்ல சொல்லி இருக்கலாம்” என்றேன்.

வெளியே வந்தோம். மகள் என் முகத்தையே பார்த்தாள். இலை முன்னால் உட்கார்ந்து முதல் வாயை அவளுக்கு ஊட்டினேன். சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். உப்பு கம்மி. அதையும் சொன்னேன்.

அப்புறம் அந்த வார்த்தை நம் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. “ஃப்ரீயா இருக்கீங்களா?” என்று காலையில் போன் செய்வீர்கள், வேலை இல்லையே என்று அர்த்தம். பேத்தி தலை பின்னாமல் விரித்துப் போட்டால் ஃப்ரீ ஹேர். நாலு நாள் மலச்சிக்கல் அவஸ்தைக்குப் பிறகு உங்கள் வயிறு இறங்கிய அன்று, அதற்கும் ஃப்ரீதான் என்றீர்கள். கிரிவலப் பாதையோரம் உட்கார்ந்து நாம் இருவரும் சிரித்த சிரிப்பில், நடந்து போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் ஓரகத்தி மேல் பழைய கதை எடுத்தால் மட்டும் அதே பழைய அர்த்தம்: ஃப்ரீயா விடுங்க. ஒன்றையும் நான் விட்டதில்லை, உங்களுக்கே தெரியும்.

உங்கள் கருமாதி அன்று உங்கள் தங்கை, கீழ்பென்னாத்தூர்காரங்களுக்கு வாய் ஜாஸ்தி என்று என் காதில் விழும்படி சொன்னாள். பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிரே என் மகள், நான் என்ன பேசப்போகிறேனோ என்று பயந்துபோய் நின்றாள்.

“ஃப்ரீயா விட்டுட்டேன் போ” என்றேன் அவளிடம். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

நிஜமாகவே விட்டுவிட்டேன் சம்பந்தி. உங்கள் தங்கை கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் சேலை, பச்சைக் கரை, முந்தானையில் எண்ணெய்க் கறை. அது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் விடத்தானே சொன்னீர்கள், மறக்கச் சொல்லவில்லையே.