நீ தொடாத தட்டு

மாப்பிள்ளை,

இன்று காலை சாத்தூர் பேருந்து நிலையத்து ஓட்டலில் ஒருவன் ரவை உப்புமாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். ஆவி முகத்தில் அடித்ததும் நீ கிடந்த முதியோர் இல்லத்தின் வாடை அப்படியே வந்தது. குமட்டி எழுந்து வெளியே வந்துவிட்டேன். கல்லைக் கொடுத்தாலும் கொறித்துவிட்டு இன்னொன்று கேட்பேன் என்று நீ ஊரெல்லாம் பரப்பிவிட்ட உன் மச்சானேதான். நமக்குள் பெண் கொடுத்து எடுத்த உறவில்லை. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் ஒரே அறையில் முப்பது வருஷம் வெடிமருந்து கலந்ததில் வாய் பழகிய முறை.

என்ன சாப்பாடு அது. ரசத்தில் ஒரு பருப்பு அகப்பட வேண்டுமென்றால் வெம்பக்கோட்டையில் அகழாய்வு செய்கிறவர்களைக் கூட்டிவர வேண்டும். பொங்கல், ஆலங்குளம் சிமெண்டுக்குப் போட்டியாக இறக்கிய சரக்கு. பன்னிரண்டு மணிக்கு முப்பது கட்டில்களிலும் தட்டு வரும், பன்னிரண்டே காலுக்குப் போய்விடும். தின்றவன் தின்றான். தின்னாதவனுக்குக் கட்டிலில் தொங்கும் தாளில் 'மறுத்தார்' என்று எழுதிவிடுவார்கள்.

பக்கவாதம் உன் பேச்சையும் நடையையும் வாரிக்கொண்டு போயிருந்தது. நான் முதல் ஞாயிறு வந்தபோது உன் தாள் முழுக்க மறுத்தார், மறுத்தார். தண்ணீருக்கும் அதே.

"தாத்தாவுக்குப் பசியே இல்ல சார். தட்ட வச்சா ரெண்டு கையையும் விரிச்சு வேணாங்காக. டம்ளர வாய்க்கிட்ட கொண்டுபோனா பல்லக் கடிச்சுக்கிடுதாக. பல்லிடுக்குல ஊத்துத நாலஞ்சு கரண்டி கஞ்சித்தண்ணிதான் உள்ள போகுது" என்றாள் ஆயா.

என்னைப் பார்த்தும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாய்.

"ஏலே, உண்ணாவிரதமா? எந்தக் கட்சிலே நீ?" என்றேன். முப்பது கட்டிலும் சிரித்தது. மறு ஞாயிறும் விரித்தாய். அதற்கும் ஒரு கேலி கைவசம் வைத்திருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு உன் நாக்கு சித்திரை மாதத்துக் கண்மாய் மாதிரி வெடித்துக் கிடந்தது. வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன். நீ பழத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாய். பிறகு உன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்தாய். முழங்கை வரைக்கும் தேய்த்தாய்.

அப்போதுதான் இந்த மகா மேதைக்கு உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அலுமினியப் பொடி அப்பிய கையோடு நான் தூக்குச்சட்டியைத் திறந்ததும் என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாயே. "கழுவாத கையால சோத்தத் தொட்டா வயித்துக்குள்ள தீவாளிதான் மச்சான்." முழங்கை வரை மூன்று தடவை சோப்பு. பொடி ஒட்டிய உதடு செம்பில் படாமல் அண்ணாந்துதான் தண்ணீர். வேலையை விட்ட பிறகும் அந்த முறையை நீ விடவில்லை. நீ எதையும் மறுக்கவில்லை மாப்பிள்ளை, கை கழுவத் தண்ணீர் கேட்டிருக்கிறாய், டம்ளர் உதட்டில் படக்கூடாதென்று பல்லைக் கடித்திருக்கிறாய். ஆயாவுக்கு அது தெரிய வழியில்லை, முப்பது தட்டுக்கு அவள் ஒருத்தி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஞாயிறு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த உப்புமாவைவிட என்னை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டேன். மூன்று தடவை. உன்னை நிமிர்த்தி உட்கார வைத்து, செம்பைத் தூக்கிப் பிடித்து மடக்கு மடக்காக ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய். பிறகு அந்தக் கேடுகெட்ட சோற்றை நீயே பிசைந்து தின்ன ஆரம்பித்தாய். ஆயா வந்து தட்டுக்குக் கையை நீட்டினாள்.

"இருத்தா, இன்னும் முடியல."

"நேரமாச்சு சார், மத்த தட்டெல்லாம் களுவியாச்சு."

"இந்தத் தட்ட நான் களுவிக்கிடுதேன்."

உனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய். உடம்பில் தண்ணீர் வற்றி சிறுநீரகம் கெட்டுப்போனது என்றார் டாக்டர். வயசாயிருச்சுல்ல என்று சொல்லிவிட்டு ஊர் காப்பி குடித்தது.

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டாலே பரிமாறுகிறவர்களுக்கு ஆகாது. வரிசையில் மெதுவாகத் தின்னும் கிழவர் யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் முடிக்கும்வரை நானும் எழுந்திருப்பதில்லை. போன வாரம் ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "பெருசு, அடுத்த பந்தி நிக்குது, எந்திரிங்க" என்றான்.

"நான் எந்திரிச்சா இந்த மண்டபம் இடிஞ்சு விளுந்துரும் தம்பி" என்றேன். "அவுக மோர் குடிக்கட்டும்."