என்னைக் குணப்படுத்தியது குதிரைப்பால் அல்ல

அனுப்புநர்:
லியோகாடியா துர்சினோவா,
(காலஞ்சென்ற ரயில்வே பொறியாளர் கெங்கெஸ் துர்சினோவின் மனைவி)
14, நிலையத் தெரு, சாரிஜெல்.

பெறுநர்:
மாவட்ட ஆகிம் (நிர்வாகத் தலைவர்) அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம், சாரிஜெல்.

பொருள்: மாவட்ட நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் என் புகைப்படத்துடன் வெளியாகியுள்ள தவறான மருத்துவச் செய்தியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பாலைக் குடித்தே காசநோயிலிருந்து பிழைத்தவள் என்று இந்த ஊரில் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. நான் அப்படி யாரிடமும் ஒருபோதும் சொன்னதில்லை. ஆயினும் மே மாதம் முதல், முன்பின் தெரியாதவர்கள்கூடச் சந்தையில் என்னை நிறுத்தி ஆசி கேட்கிறார்கள். "பாத்தாலே தெரியுதே அஜே, குமிஸ் குடிச்ச உடம்பு!" என்று இறைச்சிக் கடையில் ஒருவர், சொந்தப் பாட்டியை அழைப்பதுபோல் அழைத்து, என் முதுகில் தட்டினார். அந்த உரிமையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

2. இதற்குக் காரணம், குதிரைகளைக் கறக்கும் பருவத் தொடக்கத்தை ஒட்டித் தங்கள் நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு வெளியிட்ட காணொளி. அதில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், காசநோய்க்குக் குமிஸ் போதும், மாத்திரைகள் தேவையில்லை என்று "ஆய்வுகள் நிரூபித்துள்ளன" என்கிறார். அடுத்து என் இளவயதுப் புகைப்படமும், அதன் அருகில் இன்றைய என் முகமும் வருகின்றன. மேலே நிர்வாகத்தின் முத்திரை உள்ளது. அந்தப் பழைய படத்தை ஊர் அருங்காட்சியகத்தில் வைக்க நான் சம்மதித்தேன். இதற்குச் சம்மதிக்கவில்லை.

3. நடந்தது இது. 1966இல் எனக்கு நுரையீரலில் காசநோய் கண்டது. புல்வெளியில் இருந்த குமிஸ் மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டேன். அங்கே குமிஸ் கொடுத்தார்கள் என்பது உண்மை. மருத்துவரே எழுதித்தான் கொடுத்தார். நோய் தின்ற உடம்பு தேறுவதற்கான உணவு அது. அதனுடன் நாள்தோறும் ஊசி, மாத்திரை, குமட்டும் ஒரு வெள்ளைத் தூள். வீடு திரும்பிய பின்பும் மருந்து நெடுங்காலம் தொடர்ந்தது. அந்த ஊசிதான் என் வலது காதின் கேட்கும் திறனைப் பறித்தது. குமிஸ் மட்டுமே குடித்துப் பிழைத்தேன் என்பவர்கள், என் காது எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

4. காணொளியில் உள்ள படத்தில், மருத்துவ இல்லத்தின் படிக்கட்டில் கிண்ணங்களுடன் மூன்று பெண்கள் நிற்கிறோம். அருங்காட்சியகத்தில் உள்ள அதே படத்தில் நான்கு பேர். ஓரத்தில் நிற்பவள் உல்போசின், குதிரை மேய்ப்பவர் ஒருவரின் மகள். காணொளியின் சட்டகத்துக்குள் அடங்குவதற்காக அவளை வெட்டியிருக்கிறார்கள். "எங்க வீட்டுக் குதிரைப்பால விடவா இந்தச் சுண்ணாம்புத் துண்டு பெருசு?" என்று சிரித்து, செவிலியர் நகர்ந்ததும் மாத்திரையைத் துப்பித் தலையணைக்குள் செருகிவிடுவாள். எங்களில் அதிகமாகக் குமிஸ் குடித்தவள் அவள்தான். முதல் பனிக்கு முன் இறந்தாள். நால்வரும் குடித்தது ஒரே தோல்பையிலிருந்து ஊற்றிய குமிஸ். பிழைத்தவர்களை மட்டும் காட்டினால், எதைக் குடித்திருந்தாலும் அதுவே மருந்தாகத் தெரியும்.

5. எனக்கு எழுத்துக் கற்பித்தவர்கள், இந்தப் புல்வெளிக்கு நாடுகடத்தப்பட்டு வந்த கன்னியர். மடம் என்று பெயர்ப்பலகை வைக்க முடியாத காலம் அது. திரை போட்ட அறையில் பாடம் நடக்கும். எந்தச் செய்தியை ஒப்பித்தாலும், அதைச் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் உட்கார விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், தங்களைத் தொந்தரவு செய்யும் முன் நானே விசாரித்தேன்.

அ) வெள்ளை அங்கிக்காரர் மருத்துவர் அல்லர். நம் மாவட்டத்துத் திருமண விருந்துகளைப் பேசி நடத்தித் தரும் பெகாரிஸ்தான் என்பவர். இரண்டு திருமணங்களில் அவரது குரலைக் கேட்டு நானே கண்ணீர் விட்டிருக்கிறேன். கேட்டபோது மறைக்கவில்லை. "அங்கியப் போடச் சொன்னாங்க, போட்டேன். எழுதிக் குடுத்தத வாசிச்சேன். கல்யாணத்துல மாப்பிள்ளைய சிங்கம்னு சொல்றேனே அஜே, அதுக்கும் இப்படித்தான் ஆதாரம் கேப்பீங்களா?" என்றார்.

ஆ) ஆய்வுகள் எவை என்று சுற்றுலாப் பிரிவில் கேட்டேன். "இணையத்துல இருக்கு அம்மா, எல்லாரும் போட்டிருக்காங்க" என்று ஒரு பக்கத்தின் முகவரியைத் தந்தார்கள். அந்தப் பக்கத்தை இறுதி வரி வரை படித்தேன். ஆதாரம்: சாரிஜெல் மாவட்ட நிர்வாகம் என்று இருந்தது. அதாவது, நாம் அவர்களை நம்பிச் சொல்கிறோம். அவர்கள் நம்மை நம்பிச் சொல்கிறார்கள். இடையில் ஆய்வு என்று ஒன்றுமே இல்லை.

6. இது என் பெயருக்கு நேர்ந்த இழுக்கு மட்டுமாயின் பொறுத்திருப்பேன். என் பக்கத்து வீட்டில் ரௌஷான் என்னும் பெண் இருக்கிறார். அஞ்சலகப் பணியாளர், இரு குழந்தைகளின் தாய். அவருக்கு இவ்வசந்தத்தில் காசநோய் உறுதியானது. செவிலியர் முன்னிலையில் மாத்திரை விழுங்கிவந்தார். இருமல் அடங்கியது, கன்னத்தில் சதை பிடித்தது. அப்போது அந்தக் காணொளியைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நான் நேரில் சென்று, மேலே எழுதிய அனைத்தையும் அவரிடம் சொன்னேன். "நீங்க குமிஸ் குடிச்சு இந்த வயசுலயும் நிமிந்து நடப்பீங்க, நான் மட்டும் வயித்தப் புரட்டுற மாத்திரைய முழுங்கணுமா?" என்றார். நான் குமிஸால் பிழைக்கவில்லை என்று மீண்டும் சொன்னேன். "வயசாச்சில்ல அஜே, மறந்திருக்கும். ஆகிமோட பக்கத்துல பொய்யா போடுவாங்க?" என்று என் கையை அன்பாகவே பிடித்துக்கொண்டார். என் நோயைப் பற்றி என்னைவிட அந்தப் பக்கத்தை நம்புகிறார்.

சென்ற வாரம் வேலிக்கு அப்பால் அவர் இருமுவதைக் கேட்டேன். அந்த இருமலை நான் அறிவேன். கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, மடித்து, சட்டைக் கைக்குள் ஒளித்த விதத்தையும் அறிவேன். பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகிவிட்டால் அதே மாத்திரை பிறகு வேலை செய்யாமல் போகலாம் என்கிறார் காசநோய் மருந்தகத்து மருத்துவர். அவ்வீட்டில் குழந்தைகளும் அதே அறையில்தான் உறங்குகிறார்கள்.

அவர் பெயரை அவர் சம்மதத்துடனே எழுதுகிறேன். "எழுதுங்க அஜே, நல்லா எழுதுங்க. 'நாங்க சொன்னது தப்பு'ன்னு ஆகிமே முத்திரை குத்திக் குடுக்கட்டும், அன்னைக்கே போய் மாத்திரைய முழுங்குறேன்" என்று சிரித்தார். சிரிப்பை முடிக்க இருமல் விடவில்லை.

7. ஐயா, குமிஸுக்கு நான் எதிரியல்ல. என் வீட்டில் இன்றும் அது உண்டு. விருந்தினருக்கு அதைத்தான் முதலில் ஊற்றுகிறேன். அது உணவு; அதை உணவென்றே சொல்லுங்கள். காணொளியை நீக்கி, அது இருந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில், மருத்துவர் ஒருவரின் பெயருடன் திருத்தம் வெளியிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் அழித்துவிடுவது போதாது; பார்த்தவர்கள் ஏற்கெனவே நம்பிவிட்டார்கள். மருந்தகச் செவிலியரை மறுபடி ரௌஷானின் வீட்டுக்கு அனுப்பவும் வேண்டுகிறேன்.

தொலைபேசியில் சொல்லும் பதில் எனக்குப் பயன்படாது. வெளியிட்ட செய்தி தவறு என்பதைத் தாளில் எழுதி, தங்கள் கையொப்பமும் முத்திரையும் இட்டு, மேற்கண்ட முகவரிக்கு இந்த வாரத்திலேயே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சாரிஜெல்
நாள்: ஆகஸ்டு 12

(ஒப்பம்)
லியோகாடியா துர்சினோவா