கப்ளிங்கைத் திரும்ப அவிழ்த்த நாள்

அண்ணா, அன்றைக்கு ராயபுரம் துறையில் உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. எஞ்சின் குழிக்குள் குப்புறப் படுத்து, முழங்கை வரை கிரீஸோடு இருந்த நீ அழகாக இருந்தாய். நம் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசுகிற வழக்கமில்லை.

இன்று புத்தகத்தைத் திறந்ததும் அது ஞாபகம் வந்தது. இடுக்குகளை அளக்க நீ வைத்திருந்த ஃபீலரிலிருந்து கழன்ற மெல்லிய தகட்டைத்தான், விட்ட பக்கத்தில் அடையாளமாக வைக்கிறேன். காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகும் அதில் டீசல் வாசனை போகவில்லை.

அந்த வருஷம் கோவில் திருநாளின் கடல் பவனிக்குச் சாமி சுரூபத்தை ஏற்றிச் செல்லும் முறை நம் போட்டுக்கு வந்திருந்தது. நைனா அதற்காக எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது உனக்குத் தெரியும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் டீசலில் ஊறிக் கூழாகிவிட்டதால், போட்டைக் கரையேற்றிப் புதிது போட்டாய். எஞ்சினும் விசிறித் தண்டும் சேருகிற கப்ளிங்கை அங்கேயே நேர் பார்த்து முறுக்கினாய். ரப்பர் வந்து சேரத் தாமதமானதால் திருநாள் காலையில்தான் தண்ணீரில் இறக்க முடிந்தது. மாலைகள் கட்டியாயிற்று. சுரூபம் கோவிலிலிருந்து புறப்பட்டுவிட்டது. அப்போது நீ ஸ்பேனரை எடுத்து, முறுக்கிய போல்ட்டுகளைத் திரும்ப அவிழ்த்தாய்.

"கரைல ஒரு தபா பாத்துட்டல்ல? இன்னாடா பேஜாரு பண்ற?" என்றார் நைனா.

"கரைல போட்டு குந்திகினு இருந்துச்சு நைனா. இப்போ மெதக்குது. மெதக்கசொல்ல அதோட வவுறு வேற மாரி கீது."

கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே தகட்டை நுழைத்தாய். மேலே இறுகிப் பிடித்தது. கீழே லொடலொடவென்று போய்வந்தது. கரையில் பார்த்த நேர் தப்பியிருந்தது. மெதுவாக ஓட்டினால் போதும், சாமி ஏறட்டும் என்று நைனா கெஞ்சாத குறையாகச் சொன்னார். பக்கத்துப் போட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, சாமியாரு மாரி எஞ்சினுக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்கிறியா?" என்றார். துறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் நிமிரவில்லை.

"சாமிய ஏத்திகினு நடுக்கடல்ல தண்டு ஒதறிச்சுன்னா, எல்லாம் சாமியத்தான் வேண்டிக்கும். ரிப்பேரு நான்தான் பாக்கணும்."

நைனா மாலைகளைத் தன் கையாலேயே அவிழ்த்துப் பக்கத்துப் போட்டில் கட்டினார். சுரூபம் அதில் ஏறிப் போயிற்று. பாட்டுச் சத்தம் தேய்ந்து போகும் வரை நீ ஒரு நட்டைக் கொஞ்சம் திருப்புவதும், தகட்டை விட்டுப் பார்ப்பதுமாக இருந்தாய். நான் படித்த புத்தகங்களில் துணிச்சல் எழுந்து நின்று பேசும். உன்னுடையது குப்புறப் படுத்திருந்தது.

பவனி திரும்பும் நேரத்துக்கு எஞ்சினைக் கிளப்பினாய். நைனா செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் வெறுங்காலோடு நின்றார். உதறல் ஏதும் காலுக்குத் தட்டவில்லை. நெடுநேரம் நின்றுவிட்டு, "சோறு துன்னியா?" என்று மட்டும் உன்னைக் கேட்டார்.

இப்போதெல்லாம் எதையாவது வீட்டுக்குள் தீர்மானித்துவிட்டு வெளியே போனால், அங்கேயும் ஒருமுறை தகட்டை விட்டுப் பார்க்கிறேன்.

மறு வருஷம் நைனா முறையைக் கேட்டு வாங்கி, சுரூபத்தை நம் போட்டில் ஏற்றினார். நீ எஞ்சின் பக்கத்திலேயே குந்தியிருந்ததால், அதைப் பார்க்கவில்லை.