கல்யாண மேளத்துக்கு நடுவில் டீ கேட்டவனுக்கு

என் பத்து விரலும் இப்போது கறுப்பு. பழைய டேப் ரெக்கார்டரைத் திறந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடக்குமே, அந்தக் கறுப்பு. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் துடைக்க மூக்கில் ஏறும் வாசனையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாள் நம் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து இந்தக் கையோடு டீக்கடைப் பழம்பொரி தின்றிருக்கிறோம். சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது, கையை வெட்டிப் போட்டால்தான் போகும் என்று நான் கத்துவேன். நீ சிரித்துக்கொண்டே என் பங்கையும் எடுத்துத் தின்பாய்.

இந்த செட்டைக் கொண்டுவந்தவர் ஆரல்வாய்மொழியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். பஸ் மாறி மாறிக் குழித்துறை வரைக்கும் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார். இப்போது இந்தப் பழைய செட்டுகளுக்குத் திரும்பவும் மவுசு வந்துவிட்டது. பாதிப்பேர் அலமாரியில் வைத்துப் படம் எடுக்கத்தான் வாங்குகிறார்கள். டீச்சர் அந்த ரகம் இல்லை. செட் பாட வேண்டும் அவருக்கு. உள்ளே ஒரு கேசட் சிக்கிக்கிடந்தது. அவருடைய கல்யாண மேளத்தைப் பதிந்த கேசட்.

"பத்திரமா எடுக்கணும் பாத்துக்கிடுங்க," என்றார். "மேளத்துக்கு எடையில ஒருத்தரு டீ கேப்பாரு. அத அழிச்சிரப்பிடாது."

"டீயா?"

"ஆமா. முந்தி ஒருக்க இந்த ஊர்லதான் ரிப்பேருக்குக் குடுத்தோம். திரும்பி வந்தப்ப நாதஸ்வரத்துக்கு நடுவுல ஒரு ஆளு டீ வந்தாச்சான்னு கேக்காரு. மொதல்ல எங்க வீட்டுக்காரரு கெடந்து குதிச்சாரு. பெறவு அந்த எடம் வந்தா அவரே, 'டீச்சரே, ஆளு கேக்காரு, டீ போடு'ன்னு சொல்லத் தொடங்கிட்டாரு. இப்பம் அவரும் இல்ல."

சரி டீச்சர் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். கேசட்டைப் பைய வெளியே எடுத்து, கசங்கிய நாடாவை நீவி, கடையில் இருக்கும் இன்னொரு செட்டில் போட்டேன். நாதஸ்வரம் நன்றாக ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் பொட்டென்று அறுந்தது. அப்புறம் நீ வந்தாய்.

"ஹலோ, ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு. மக்கா, டீ வந்தாச்சா?"

தூரத்தில் என் குரல், எரிச்சலோடு: "வந்தாச்சு, வந்து குடிச்சுத் தொல."

மறுபடியும் மேளம். தவில்காரர் எதுவும் நடக்காத மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொண்டையில் நோய் வந்து, ஆபரேஷன் செய்து, உன் சத்தமே போய் எத்தனை வருஷம். போன மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய். அந்தக் குரலை இனி இந்த ஜென்மத்தில் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, செலின் அக்காவின் கேசட் நினைவுக்கு வந்து என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

நம் இரண்டு பேர் வேலையும் இரண்டு விதம். நீ எதையும் தூக்கிப் போடமாட்டாய். எலி கடித்த ஆர்மோனியம், இடி விழுந்த ரேடியோ, உப்புக்காற்றில் துருவேறிய ஆம்பிளிஃபயர் எல்லாம் உன் மேசைக்கடியில் வந்து சேரும். "ஒரு செட்டும் முழுசாச் சாவாது மக்கா. உள்ள ஏதாவது ஒண்ணு உயிரோட கெடக்கும்" என்பாய். செத்ததிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றி இன்னொன்றைப் பாட வைப்பாய். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு உனக்கு. ரெக்கார்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே எந்தக் கேசட் கிடக்கிறதோ அதிலேயே பேசிவிடுவாய். அது ஆள் கொடுத்த கேசட்டா, கடைக் கேசட்டா என்றெல்லாம் பார்க்கமாட்டாய்.

நான் அப்படி இல்லை. எனக்கு என் குரலைக் கேட்கவே கூச்சம். மைக் ஓட்டையில் வயர் இல்லாத ஒரு வெறும் பின்னைச் செருகிவிட்டு ரெக்கார்டை அழுத்துவேன். பின் செருகினால் செட்டுக்கு வெளிச்சத்தம் கேட்காது. பழைய பாட்டு சுத்தமாக அழிந்து, அந்த இடம் ஊமையாக இருந்தால் செட் சரி. அதையும் கடைக் கேசட்டில்தான் செய்வேன் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. நாளுக்கு நாலு தடவை அதைச் சொல்லி உன்னைக் குத்துவேன்.

செலின் அக்காவின் கேசட் கெட்டது ஒரு கிறிஸ்துமஸ் நெருக்கடியில். கடற்கரைக் கடப்புறத்திலிருந்து அக்கா, ரிப்பேருக்குக் கொடுத்த செட்டைத் திரும்ப வாங்க வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் கல்ஃபில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோனவர். எழுதச் சோம்பல்படுகிறவர்கள் எல்லாம் அப்போது கேசட்டில் பேசி, லீவுக்கு ஊர் வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள் இல்லையா, அப்படி அந்த மனுஷன் கடைசியாகப் பேசி அனுப்பியது அந்த செட்டுக்குள் கிடந்தது. ஆரம்பத்திலேயே மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். அக்கா கடையில் வைத்தே போட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வெறும் ஊமை. பிறகு பாதிப் பேச்சிலிருந்து அவர் குரல்: "...சளி மாறிச்சா? அம்மையப் போட்டுப் பாடுபடுத்தப்பிடாது என்னா."

"பிள்ளையள விளிக்கது காணல்லியே," என்றார் அக்கா.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஆள் முன்னால் வைத்தே உன்மேல் பாய்ந்தேன். "லேய், ஒனக்க வாய அடக்க முடியாதா? ஒனக்க டெஸ்டிங்குக்குச் செத்தவனுக்க கேசட்டா கெடச்சு?" என்று என்னென்னவோ சொன்னேன். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீ கேசட்டைப் பின்னால் ஓட்டி, காதை ஸ்பீக்கரில் வைத்து இன்னொரு தடவை கேட்டாய். நிமிர்ந்து என் முகத்தை ஒரு முறை பார்த்தாய். பிறகு அக்காவிடம், "மன்னிச்சிருங்க அக்கா. தப்பு நடந்து போச்சு," என்றாய்.

யார் தப்பு என்று நீ சொல்லவில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அன்று நீ உன் குரலைத்தான் தேடியிருக்கிறாய். நீ அழித்திருந்தால் அந்த இடத்தில் ஹலோ ஹலோ இருந்திருக்கும், டீ வந்தாச்சா இருந்திருக்கும். இருந்தது ஊமை. பின் செருகி அழித்த ஊமை. அது நான். இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. மேசையில் ஒரே மாதிரி இரண்டு செட் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கடைக் கேசட்டைப் போட்டுவிட்டு இன்னொன்றில் பின்னைச் செருகியிருக்கிறேன். அன்று ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் தெரியவில்லை. கோபக்காரனுக்குக் காது இருந்து என்ன பிரயோஜனம், சொல்லு.

மறுநாள் உன் சால்டரிங் அயனை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வேறொருவருடைய சவுண்ட் சர்வீசில் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். நான் சும்மா இருந்தேனா? சந்தையில், டீக்கடையில், கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொன்னேன், அவன் ஒரு விதவையின் கேசட்டைக் கெடுத்தவன் என்று. உன்னிடம் நேராக செட் கொடுக்க ஆட்கள் யோசித்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு உன்னைப் பார்க்க வந்தேனே, அப்போது நான் என்ன நினைப்பில் வந்தேன் தெரியுமா? பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்துவிட்ட நினைப்பில். ஆரஞ்சு எல்லாம் வாங்கிக்கொண்டு. நீ காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாய்: 'கடை நடக்குதா?' நடக்குது என்றேன். கொஞ்சம் யோசித்து இன்னொன்று எழுதினாய்: 'டெஸ்ட் பண்ணும்போ ஆளுக்க கேசட்ட வெளிய எடுத்திரு. மறக்காத.' நான் விழுந்து விழுந்து சிரித்தேன். யாரு யாருக்குச் சொல்லது பாரு என்றேன். நீயும் சத்தமில்லாமல் சிரித்தாய். அந்தத் தாளை என் சட்டைப் பையில் திணித்துவிட்டாய். மேசை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது.

நேற்று செலின் அக்காவைத் தேடிப் போனேன். மகன் வீட்டில் இருக்கிறார். முற்றத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஒங்க கேசட்ட அண்ணைக்கு அழிச்சது அவன் இல்ல. நான்."

அக்கா கையை உதறிவிட்டு, "அது எனக்குத் தெரியுமே தம்பி," என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒரு வாரம் கழிச்சு ஒங்க கூட்டுக்காரரு இஞ்ச வந்தாரு. அழிஞ்சு போன எடத்துல எனக்க மாப்பிள என்னதான் சொன்னாருன்னு கேட்டுட்டு இருந்தாரு. மூணு பிள்ளையளயும் நான் எனக்க மாப்பிள விளிச்ச மாதிரியே விளிச்சுக் காட்டினேன். கேட்டு அழுதாரு. 'எனக்க கூட்டுக்காரன் தெரியாம செஞ்சு போட்டான். ஆனா அவன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க அக்கா. தெரிஞ்சா பெறவு ஒரு செட்டையும் தொடமாட்டான். அவனுக்க கை நின்னு போவும்'னாரு. வாக்குக் குடுத்தேன். அதான் நான் அந்தப் பக்கமே வரல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். ஆமா என்றேன்.

வழியில் டீக்கடையில் இறங்கி, முன்பு எந்த வாயால் சொன்னேனோ அதே வாயால் உள்ளதைச் சொன்னேன். கேட்டவர்களில் பாதிப்பேருக்கு நீ யாரென்றே தெரியவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

இன்று காலையில் கடை திறந்தேன். டீச்சரின் செட் புது பெல்ட்டோடு மேசையில் இருந்தது. சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. நீ சொன்னது சரிதான், கை நீளவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் தோன்றியது, இந்தக் கை நின்றுவிடக் கூடாது என்றுதானே நீ கடையையும் விட்டாய், பேரையும் விட்டாய். நான் இப்போது நிறுத்தினால் நீ விட்டதெல்லாம் எதற்கு.

டீச்சரின் கேசட்டை எடுத்து, அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் எந்த செட்டும் அதன்மேல் பதியாது. இனி ஒருத்தனும் உன் டீயை அழிக்க முடியாது. கடைக் கேசட்டை செட்டில் போட்டேன். பின்னைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். ரெக்கார்டை அழுத்திவிட்டு, கூச்சமெல்லாம் பார்க்காமல் வாய் திறந்து பேசினேன். இந்தத் தடவை எரிச்சல் இல்லை.

"ஹலோ, ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு. மக்கா, டீ வந்தாச்சு. வந்து குடி."